பழி ஓரிடம்

அன்புள்ள சகோதரிக்கு,

பத்தாவது படிக்கும் மகன் எந்நேரமும் போனில் ஃப்ரீ ஃபயர் என்ற துப்பாக்கிச் சண்டை கேம் ஆடுகிறான். 'இந்த விளையாட்டுகள்தான் கொலைகாரர்களை உருவாக்குகின்றன' என்று டிவி விவாதத்தில் கேட்டதிலிருந்து தூக்கமே வரவில்லை என்று எழுதியிருந்தீர்கள். அந்தப் பயத்தை விட்டுவிடுங்கள். ஏன் என்று சொல்கிறேன்.

2007 ஏப்ரல் 16. அமெரிக்காவின் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் மாணவன் ஒருவன் 32 பேரைச் சுட்டுக் கொன்றான். அன்றைக்கே செய்தி சேனல்களில் வீடியோ கேமைக் கைகாட்டிவிட்டார்கள். கொலையாளியின் பெயர்கூட அப்போது வெளிவரவில்லை. மாநில ஆளுநர் அமைத்த விசாரணைக் குழு ஆகஸ்டில் அறிக்கை தந்தது. அதன்படி, கொலையாளி சிறுவயதில் ஆடியது சோனிக் போன்ற விளையாட்டு. நீல நிற முள்ளெலி ஓடி ஓடி வளையம் பொறுக்குமே, அதுதான். விடுதி அறையில் கூட இருந்தவர்கள் அவன் கேம் ஆடிப் பார்த்ததே இல்லை.

அதே அறிக்கையில் இன்னொன்றும் இருந்தது. அவனால் அவனுக்கே ஆபத்து என்று 2005 டிசம்பரிலேயே நீதிமன்றம் கண்டு, வெளிநோயாளியாக மனநலச் சிகிச்சை பெற உத்தரவிட்டிருந்தது. சிகிச்சைக்குப் போகிறானா என்று யாரும் பார்க்கவில்லை. துப்பாக்கி வாங்க வருபவரின் பின்னணியைச் சரிபார்க்கும் பதிவிலும் அந்த உத்தரவு ஏறவில்லை. இரண்டு கைத்துப்பாக்கிகளைத் தடையில்லாமல் வாங்கிவிட்டான். அந்த ஓட்டையை அடைக்க 2008 ஜனவரியில் தனிச் சட்டமே கொண்டுவர வேண்டியிருந்தது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்களே, அதுதான் நடந்தது. எனக்கு இதில்தான் கோபம். கேமைத் திட்டிவிட்டு விவாதத்தை முடித்துக்கொண்டால், கேட்க வேண்டிய கேள்வியை யார் கேட்பது?

அமெரிக்க உளவியல் சங்கம் 2020-இல் தெளிவாகவே சொன்னது: வன்முறை விளையாட்டுகளுக்கும், கத்துவது, பிடித்துத் தள்ளுவது போன்ற முரட்டுத்தனத்துக்கும் சிறிய தொடர்பு தெரிகிறது, கொலை போன்ற வன்முறைக்கு அவற்றைக் காரணமாக்கப் போதிய ஆதாரம் இல்லை.

கேமுக்கு அடிமையாதல் வேறு விஷயம். அது உண்மையிலேயே உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் 2022 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. ஆனால் மணிக்கணக்கை மட்டும் வைத்து அதை முடிவு செய்வதில்லை. நிறுத்த நினைத்தாலும் முடியாமல் போவது, மற்றதெல்லாம் பின்னுக்குப் போவது, கெடுதல் தெரிந்தும் தொடர்வது, அதனால் படிப்பும் உறவும் குலைவது, இவை பொதுவாக 12 மாதமாவது நீடித்தால்தான் அந்தப் பெயர்.

ஆகவே அவன் தூங்குகிறானா, சாப்பிடுகிறானா, பழைய நண்பர்களோடு பேசுகிறானா என்று பாருங்கள். பள்ளியில் ஏதாவது நடந்து, அதை மறக்கத்தான் போனுக்குள் புகுந்துகொள்கிறானோ என்றும் யோசியுங்கள். பாதி மேட்சில் போனைப் பிடுங்காதீர்கள். கூட ஆடும் மூன்று பேரைக் கைவிட்ட அவமானம்தான் அவனைக் கத்த வைக்கிறது. 'இந்த மேட்ச் முடிந்ததும் வை' என்றால் பெரும்பாலும் கேட்பான். ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்து யாரோடு ஆடுகிறான் என்று கேளுங்கள். கேமுக்குள் செலவழிக்கும் 'டைமண்ட்' வாங்கக் காசு கேட்பான். ஜிபே பின் நம்பரை மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

இத்தனைக்குப் பிறகும் அவன் யாரோடும் ஒட்டாமல் இருந்தால், 14416-ஐ அழையுங்கள். மத்திய அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் அது. கட்டணமில்லை, தமிழிலேயே பேசலாம்.

அன்புடன்,
உங்கள் கட்டுரையாளர்