ஒரே கம்பியில் பல வியாபாரிகள்

கேள்வி: 2022 மின்சாரத் திருத்த மசோதாவை எதிர்க்கட்சிகள் ஏன் அவ்வளவு எதிர்த்தன? போட்டி வந்தால் கட்டணம் குறையுமே?

பதில்: குறையலாம். யாருக்கு என்பதுதான் கேள்வி. ஆகஸ்ட் 8 அன்று அமைச்சர் ஆர்.கே. சிங் மக்களவையில் கொண்டுவந்த மசோதா, ஒரே ஊரில் பல நிறுவனங்கள், இருக்கிற கம்பியிலும் டிரான்ஸ்பார்மரிலுமே மின்சாரம் விற்க வழிசெய்தது. ஆலைகளும் கடைகளும் யூனிட்டுக்குக் கூடுதலாகக் கட்டும் பணம், குடிசை வீட்டின், பம்புசெட்டின் சுமையில் ஒரு பங்கைத் தாங்குகிறது. அந்த வாடிக்கையாளர்களைத் தனியார் அள்ளிக்கொண்டால், அரசு வாரியத்துக்கு மிஞ்சுவது பராமரிப்புச் செலவும் கடனும். இதை ஈடுகட்ட மசோதாவிலேயே ஒரு நிதி இருந்தது உண்மை. அது போதும் என்று எனக்குத் தோன்றவில்லை. மேலும், மின்சாரம் பொதுப்பட்டியலில் உள்ளது, மாநிலங்களின் சம்மதம் முக்கியம். மசோதா அன்றே நிலைக்குழுவுக்குப் போனது.