ஆறாம் ஆண்டுக்குப் பிறகு யார் துணை?

பாடத்தின் நோக்கம்: தமிழ்ப்பள்ளி முடித்து இடைநிலைப்பள்ளிக்குப் போகும் தம்பி தங்கைகள் எங்கே தடுமாறுகிறார்கள் என்று அறிதல், நம் கிளை செய்யக்கூடிய உதவியைத் திட்டமிடுதல்.



ஆறாம் ஆண்டு வரை என்னோடு ஒரே மேசையில் உட்கார்ந்தவன் ஒருவன். கணக்கில் கெட்டிக்காரன். நாங்கள்தான் அவனிடம் கேட்டு எழுதுவோம். படிவம் 1-க்குப் போனோம். முதல் மாதத்திலேயே சொன்னான்: “டேய், கணக்கு தெரியுதுடா, ஆனா சார் என்ன கேக்குறாருன்னு புரியல.” பரப்பளவு அவனுக்குத் தெரியும், ‘லுவாஸ்’ தெரியாது. பின்னம் தெரியும், ‘பெச்சாஹான்’ தெரியாது. கையைத் தூக்கிக் கேட்கக் கூச்சம். மெல்ல மெல்லக் கடைசி வரிசைக்குப் போனான். பிறகு பள்ளிக்கு மட்டம். படிவம் 4-இல் நின்றேவிட்டான்.

எனக்கு எல்லாம் தெரியும். ஆனால் நான் யாரிடமும் சொல்லவில்லை. அவனிடமும் “வாடா, சேர்ந்து படிக்கலாம்” என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. இன்றும் உறுத்துகிறது.

ஏன் தடுமாறுகிறார்கள்?

நம் நாட்டில் தமிழ்க் கல்வி 1816-இல் பினாங்கில் ஒரு வகுப்பாகத் தொடங்கியது. இன்று 500-க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. ஆனால் அவை ஆறாம் ஆண்டோடு முடிகின்றன. தேசிய இடைநிலைப்பள்ளியில் பெரும்பாலான பாடங்கள் மலாய்மொழியில். மலாய்மொழி அடைவுநிலை போதாதவர்களுக்குப் புகுமுக வகுப்பு என்று ஓராண்டு கூடுதலாக உண்டு. அது மொழியைப் பலப்படுத்தக் கிடைக்கும் ஆண்டு. ஆனால் நாமே அதை “ஃபெயிலான கிளாஸ்” என்று கேலி செய்தால், அந்தப் பிள்ளை மனம் உடைந்துதானே போகும்?

கடைசியில் எஸ்.பி.எம். வருகிறது. மற்ற பாடங்களில் எத்தனை ‘ஏ’ எடுத்தாலும், மலாய்மொழியிலும் வரலாற்றிலும் தேர்ச்சி பெறாவிட்டால் முழுச் சான்றிதழ் கிடையாது. வரலாற்றுக்கு இந்த விதி 2013-இல் வந்தது. ஆகவே படிவம் 1-இல் புரியாமல் விட்ட சொல், படிவம் 5-இல் சான்றிதழையே பறிக்கலாம்.

நாம் என்ன செய்யலாம்?

1. சொல் நோட்டு: ஆறாம் ஆண்டு மாணவர்களோடு உட்கார்ந்து கணக்கு, அறிவியல் சொற்களைத் தமிழிலும் மலாயிலும் எழுத வையுங்கள். வாரம் 20 சொற்கள் என்றாலும் பத்து வாரத்தில் 200.

2. ஓர் அண்ணன், ஓர் அக்கா: படிவம் 1 போகும் ஒவ்வொரு பிள்ளைக்கும் கிளையிலிருந்து ஒருவர் பொறுப்பேற்கட்டும். வாரம் ஒருமுறை “எப்படிப் போகுது?” என்று கேட்டாலே போதும், பாதிப் பயம் போய்விடும்.

3. தமிழ் வகுப்பு: தேசிய இடைநிலைப்பள்ளியில் குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டால் தமிழ் கற்பிக்க வசதி செய்ய 1996-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தில் இடமுண்டு. கேட்காமல் வராது. பெற்றோரிடம் பேசுங்கள்.

4. மனநலம்: அடிக்கடி மட்டம், பேச்சு குறைதல், தூக்கமின்மை, “நான் எதுக்கும் லாயக்கில்ல” என்ற புலம்பல்: இவற்றைச் சோம்பல் என்று ஒதுக்காதீர்கள். முதலில் குறுக்கே பேசாமல் கேளுங்கள். பிறகு பள்ளி ஆலோசக ஆசிரியரிடம் அழைத்துச் செல்லுங்கள். அரசின் தாலியான் காசே 15999 என்ற எண்ணுக்கும் அழைக்கலாம்.

5. பல வழிகள்: எஸ்.பி.எம்.-க்குப் பிறகு படிவம் 6, மெட்ரிகுலேஷன், போலிடெக்னிக், தொழிற்பயிற்சிக் கழகங்கள் எல்லாம் உண்டு. கையில் திறமை உள்ளவனுக்கு மலேசியத் திறன் சான்றிதழும் நல்ல வழிதான். அதை இரண்டாந்தரம் என்று சொல்லாதீர்கள்.

கோயில் திருவிழாவில் பந்தல் போட, அன்னதானம் பரிமாற நாம் முன்னால் நிற்கிறோம். நல்ல தொண்டுதான். ஒரு பிள்ளை பள்ளியை விட்டு நிற்காமல் பார்த்துக்கொள்வதும் தொண்டுதான்.

கலந்துரையாடல்

- உங்கள் வட்டாரத்தில் பள்ளியை விட்டு நின்றவர் யாராவது உண்டா? பெயர் சொல்லாமல் காரணத்தை மட்டும் பகிருங்கள்.
- படிவம் 1-இல் உங்களுக்கு மிகவும் கடினமாக இருந்தது எது? அப்போது யார் உதவினார்கள்?
- அருகிலுள்ள தமிழ்ப்பள்ளியில் இந்த ஆண்டு ஆறாம் ஆண்டை முடிப்பவர் எத்தனை பேர்?

இந்த வாரப் பணி: ஒரே ஒரு தம்பியையோ தங்கையையோ சந்தித்து, “புரியுதாம்மா?” என்று கேளுங்கள். பதிலைப் பொறுமையாகக் கேளுங்கள். அடுத்த கூட்டத்தில் பேசுவோம்.