மனை வாங்கும் முன் அறிய வேண்டிய சொற்கள்

கடை வருமானத்தில் மிச்சம் பிடித்து, குடோன் கட்ட மனை வாங்க நினைப்போர் நம்மில் பலர். அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தில் கரிசல் புஞ்சையில் கல் ஊன்றி மனை என்று விற்றால், அட்வான்ஸ் கொடுக்கும் முன் கீழ்க்கண்ட சொற்களை அறிந்திருப்பது நலம்.

உட்பிரிவு: ஒரு சர்வே எண்ணை அளந்து பிரித்த பகுதி. 125/2 என்பது 125-ஆம் எண்ணின் இரண்டாம் பிரிவு.

மனைப்பிரிவு: சாலை விட்டு, நிலத்தை மனைகளாக வகுத்த வரைபடம். இதையே லே-அவுட் என்கிறோம்.

அங்கீகாரம்: நகர் ஊரமைப்புத் துறை நுட்ப ஒப்புதல் தந்தபின் நகராட்சியோ ஊராட்சியோ தரும் அனுமதி. ஊராட்சித் தலைவரின் முத்திரை மட்டும் போதாது.

தானப்பத்திரம்: சாலைகளை உள்ளாட்சிக்கு எழுதிக் கொடுப்பது. இது இல்லையேல் நம் லாரி போகும் பாதை பொதுப் பாதை என்பதற்கு உறுதி இல்லை.

திறந்தவெளி ஒதுக்கீடு: ஒரு ஹெக்டேருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில், சாலை நீங்கலாகப் பொதுப் பயனுக்கு விடும் 10 சதவீத நிலம். இதை மனையாக விற்கக் கூடாது.

வரன்முறை: 20-10-2016 வரை உருவான அங்கீகாரமற்ற மனைகளுக்கு 2017-ஆம் ஆண்டு விதிகள் தந்த வழி. கண்மாய், ஓடை நிலங்களுக்கு இது பொருந்தாது.

பதிவுச் சட்டம் 22-ஏ: அங்கீகாரமற்ற மனையைப் பதிவு செய்யத் தடை. முன்பே மனையாகப் பதிவானதற்கு மறுபதிவில் விலக்குண்டு. ஆகவே, பத்திரம் பதிவானதாலேயே கட்டட அனுமதி கிடைத்துவிடும் என்று எண்ணலாகாது.

சரக்கைப் பார்த்து வாங்கும் நாம், அங்கீகார எண்ணையும் கேட்டு வாங்குவோமாக!