சமையலறையில் குழந்தைக்கு ஒரு படிமணை

சென்ற மாதம் கடன் கணக்கு ஒன்றைச் சரிபார்க்கும் பொருட்டு வானகரத்தில் அங்கத்தினர் ஒருவரின் இல்லத்துக்குச் சென்றிருந்தோம். கூடத்தில் அமர்ந்து பாஸ் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருக்கையில், சமையலறையிலிருந்து 'தடால்' என்ற ஓசை எழுந்தது. இரண்டரை வயதுப் பெண் குழந்தை ஒருத்தி, கவிழ்த்து வைத்த பிளாஸ்டிக் வாளியின் மீது ஏறி, மேடையில் ஊறிக்கொண்டிருந்த பருப்பை எட்ட முயன்றிருக்கிறாள். வாளி சறுக்கிவிட்டது. நல்ல வேளையாக அடி பலமாக இல்லை. "தினமும் இதே கதைதான் சார். வாளியை ஒளித்து வைத்தால் அரிசி டப்பாவை இழுத்து வருகிறாள்" என்றார் தாயார்.

நம் பாட்டிமார் காலத்தில் இச்சங்கடம் இருந்ததில்லை. அடுப்பும் அம்மியும் அரிவாள்மணையும் தரையிலேயே இருந்தன. குழந்தை அருகே அமர்ந்து எல்லாவற்றையும் பார்த்தது. எரிவாயு அடுப்பும் சமையல் மேடையும் வந்தபின் பெரியவர்கள் எழுந்து நின்றார்கள். குழந்தை மட்டும் கீழே தங்கிவிட்டது. பழமையைப் புகழ்வதற்காக இதைச் சொல்லவில்லை. தரையடுப்பில் தீப்பட்ட குழந்தைகளும் உண்டு. ஆயினும் தாய் செய்யும் வேலையைத் தானும் செய்ய வேண்டும் என்ற ஆவல் மேடை வந்ததனால் மறைந்துவிடவில்லை.

இவ்வாவலையே பாடமாகக் கொண்டவர் மரியா மாண்டிசோரி அம்மையார். 1907-ஆம் ஆண்டு ரோமாபுரியில் அவர் திறந்த குழந்தைகள் இல்லத்தில் மேசையும் நாற்காலியும் குழந்தையின் அளவுக்கே செய்யப்பட்டன. 1939-இல் அவர் சென்னைக்கு வந்து, அடையாற்றில் பிரம்மஞான சபையின் ஆதரவில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். பாத்திரம் கழுவுவதும் மேசை துடைப்பதும் அவர் முறையில் விளையாட்டல்ல, கல்வி. நடைவண்டி செய்து கொடுத்த நம் தச்சர்களுக்கும் இக்கருத்து புதிதன்று.

ஆகவே குழந்தையை விரட்டுவதை விட, அதற்கு உறுதியான ஓர் இடம் அமைத்துக் கொடுப்பதே மேல். இரண்டு படிகள் வைத்த மணை அது. படிமணை என்று அழைப்போம்.

முதலில் உயரத்தை அறிய வேண்டும். குழந்தையைச் செருப்பின்றிச் சுவரோரம் நிறுத்தி, முழங்கையை மடக்கச் சொல்லி, அவ்வுயரத்தைச் சுண்ணக்கட்டியால் குறியுங்கள். மேடையின் உயரத்திலிருந்து அதைக் கழித்தால் கிடைப்பதே மணையின் உயரம். நாம் பார்த்த இல்லத்தில் மேடை 33 அங்குலம், குழந்தையின் முழங்கை 20 அங்குலம். ஆகவே மணை 13 அங்குலம். குழந்தை வளர்ந்து முழங்கை 23 அங்குலத்தை எட்டும்போது 10 அங்குல மணையே போதும். வளரும் குழந்தைக்குச் சட்டையைப் பெரிதாகத் தைக்கிறோம்; மணையையோ அறுத்துச் சிறிதாக்க வேண்டும்! இதை முன்பே எண்ணி, அடியில் 3 அங்குலத்துக்குக் குறுக்குக்கட்டையோ திருகாணியோ இல்லாமல் விட்டுவிட வேண்டும்.

அமைப்பு எளியது. பக்கம் ஒன்றுக்கு 10 அங்குல அகலமும் 12 அங்குல உயரமும் உள்ள பலகை ஒன்று, 7 அங்குல அகலமும் 5½ அங்குல உயரமும் உள்ள பலகை ஒன்று. இரண்டையும் ஒட்டி, உட்புறம் சட்டம் வைத்துத் திருகாணியால் இறுக்கினால் மாடிப்படி போன்ற பக்கம் கிடைக்கும். இரு பக்கங்களின் மேலும் ஓர் அங்குலக் கனமுள்ள படிப்பலகைகளைப் பொருத்த வேண்டும். உயர்ந்த படி மேடையை ஒட்டியும் தாழ்ந்த படி பின்புறமும் இருக்குமாறு மணையை இட்டால், குழந்தை பின்னே சாய்ந்தாலும் மணை கவிழாது. முன்னே மேடை தடுக்கும். எஞ்சிய அபாயம் பக்கவாட்டில்தான்.

இதை நாம் பட்டறிந்திருக்கிறோம். நம் இல்லத்துக்கென முதலில் செய்வித்த மணையில் பக்கப் பலகைகள் செங்குத்தாக நின்றன. அழகுக்காக மேற்படியைப் பக்கத்துக்கு 2 அங்குலம் வெளியே நீட்டச் சொன்னதும் நாமே. பையன் அந்த விளிம்பில் கால் வைத்த அன்றே மணை புரண்டது. கோதுமை மாவு முழுவதும் தரையில். நிற்பவரின் பாரம் மணை தரையைத் தொடும் எல்லைக்கு வெளியே போனால் எவ்வளவு நல்ல மரமும் கவிழத்தான் செய்யும். ஆகவே மேலே 15 அங்குல அகலமிருந்தால் தரையில் 18 அங்குலமாவது இருக்கும்படி பக்கங்களை விரித்து நிறுத்த வேண்டும். படிப்பலகை பக்கப் பலகையைத் தாண்டி நீளக் கூடாது. முக்காலி மேடுபள்ளத் தரையிலும் ஆடாமல் நிற்கும் என்பது உண்மையே. ஆனால் இரு கால்களுக்கு இடைப்பட்ட விளிம்பில் பாரம் விழுந்தால் அது எளிதில் சாயும். குழந்தைக்கு அது வேண்டா.

படிகளுக்கு இடையே உள்ள திறப்பையும், முன்புறத்தையும் பின்புறத்தையும் பலகையால் அடைத்துவிடுங்கள். உடல் நுழைந்து தலை சிக்கிக்கொள்ளும் இடைவெளி குழந்தைக்கு ஆபத்தானது. விளையாட்டுக் கருவிகளுக்கான மேல்நாட்டு விதிகள் 3½ அங்குலத்துக்கும் 9 அங்குலத்துக்கும் இடைப்பட்ட திறப்பை விலக்குவது இதனால்தான். அடைப்புப் பலகை மணையின் ஆட்டத்தையும் போக்கும்.

மரம் நன்கு உலர்ந்திருக்க வேண்டும். பூவரசும் வேம்பும் கனமானவை. மணைக்குக் கனம் நல்லதே. அம்பத்தூர்த் தொழிற்பேட்டைப் பக்கம் இயந்திரங்கள் வந்திறங்கிய பெட்டி மரம் மலிவாகக் கிடைக்கிறது என்று சிலர் கூறுவர். வாங்குமுன் அதிலுள்ள முத்திரையைப் பாருங்கள். 2002-ஆம் ஆண்டு ஏற்பட்ட அனைத்துலக விதிப்படி, ஏற்றுமதிப் பெட்டி மரத்தைப் பூச்சி நீங்கப் பக்குவப்படுத்தி முத்திரையிடுகிறார்கள். 'எச்.டி.' என்றால் வெப்பத்தால் பக்குவப்படுத்தியது. 'எம்.பி.' என்றால் மெதைல் புரோமைடு என்னும் நச்சுப் புகையூட்டியது. நம் விவசாய அங்கத்தினர்களுக்கு அப்புகையைப் பற்றி விளக்க வேண்டுவதில்லை. எம்.பி. முத்திரையுள்ளதையும், எண்ணெய்க் கறை படிந்ததையும், முத்திரையே இல்லாததையும் விலக்குங்கள்.

விளிம்புகளை இழைத்து உப்புத்தாளால் உருட்டுங்கள். வண்ணம் பூசுவதானால் பழைய டப்பாவில் மிஞ்சியதைப் பூசலாகாது. வீட்டு வண்ணங்களில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேற்படக் கூடாதென்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துப் பூசும் பழைய பாலிஷே போதும். அதையும் படிகளின் மேல் வழுவழுப்பாக ஏற்ற வேண்டா. அடியில் பழைய சைக்கிள் டியூப்பை நறுக்கி ஒட்டினால் ஈரத் தரையிலும் சறுக்காது.

மணையை அடுப்பிலிருந்து 3 அடியாவது தள்ளி, பெரியவர் ஒருவர் உடன் நிற்கும்போது மட்டுமே இடுங்கள். வேலை முடிந்ததும் எடுத்துவிட வேண்டும். கறிவேப்பிலை உருவுதல், மொச்சை உரித்தல், அரிசி களைதல் ஆகியவை தொடக்கத்துக்கு ஏற்றவை. தண்ணீர் சிந்தும், துணி ஒன்றை மணையின் பக்கத்திலேயே மாட்டி வையுங்கள்.

வானகரத்து இல்லத்துக்காக வெட்டிய பக்கப் பலகையின் அட்டை மாதிரி நம் சங்க அலுவலகத்தில் உள்ளது. மேடை உயரத்தையும் குழந்தையின் முழங்கை உயரத்தையும் குறித்துக்கொண்டு வரும் அங்கத்தினர்கள் அதன்மேல் தாள் வைத்துப் படியெடுத்துச் செல்லலாம்.