கனவும் நினைவும் பொறியும்

பட்டுக்கோட்டையிலிருந்து மன்னார்குடி மல்லிநாத பகவானைத் தரிசிக்கச் சென்ற ஒருநாள், உடன்வந்த முதிய அம்மையார் ஒருவர் நம்மிடம் ஒரு வினா எழுப்பினார். அவர்தம் கணவர் மறைந்து மூன்றாண்டுகள் ஆகின்றன. "கனவில் வருகிறார், ஐயா; பேசவும் செய்கிறார். எழுந்து முகம் கழுவுவதற்குள் எல்லாம் போய்விடுகிறது. கனவைப் படம் பிடிக்கும் கருவி ஜப்பானில் வந்துவிட்டதாமே, மெய்தானா?" என்றார். அன்று பேருந்தில் யாம் சொன்ன விடை நமக்கே நிறைவளிக்காமையால் ஈண்டு விரித்து எழுதுகிறோம்.

தரிசனாவரணீய கன்மத்தின் ஒன்பது வகைகளுள் ஐந்து உறக்கத்தைப் பற்றியன என்று தத்துவார்த்த சூத்திரத்தின் எட்டாம் அத்தியாயம் கூறும். நித்திரை, நித்திரா நித்திரை, பிரசலை, பிரசலா பிரசலை, ஸ்தியானகிருத்தி என்பன அவை. இறுதியிற் கூறியது வாய்க்கப்பெற்றவன் உறக்கத்திலேயே எழுந்து அருஞ்செயல் புரிவான். விழித்தபின் தான் செய்ததை அறியான். ஆகவே உறக்கமும் மறதியும் உடன்பிறந்தவை என்பது நம்மவர்க்குப் புதிதன்று. மதிஞானமோ அவக்கிரகம், ஈகை, அவாயம், தாரணை என நான்கு படியாக வளர்வது. நினைவுக்கு வித்து தாரணை. கனவிற் கண்டது அந்நான்காம் படியை எட்டுமுன் கலைந்துவிடுகிறது போலும்.

இனி அறிவியலைக் காண்போம். விழிகள் விரைந்து அசையும் உறக்கநிலை ஒன்று உண்டென்பதையும், அந்நிலையில் எழுப்பப்பட்டோர் பெரும்பாலும் கனவை உரைக்கின்றனர் என்பதையும் 1953-இல் சிகாகோ அறிஞர்கள் வெளியிட்டனர். அம்மையார் கேள்வியுற்றது 2013-இல் கியோட்டோவில் காமிதானி குழுவினர் வெளியிட்ட ஆய்வாகும். மூவரைக் காந்த அலைக் கருவியினுள் உறங்கவைத்து, கண்ணயர்ந்த சிறிது நேரத்தில் எழுப்பி, கண்டதைக் கேட்டனர். ஒவ்வொருவரையும் ஏறத்தாழ 200 முறை! விழித்திருக்கையில் படங்களைக் காணும்போது மூளை இயங்கும் விதத்தைக் கணிப்பொறிக்குப் பயிற்றி, கனவிற் கண்டது இரு பொருள்களுள் எது என வினவினர். பத்துக்கு ஏறத்தாழ ஆறு முறை விடை பொருந்தியது. கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலும் ஐந்து பொருந்துமன்றோ? நாளிதழ்கள் ஆரவாரித்த அளவுக்கு அங்கே படம் எதுவும் இல்லை. மேலும், பொறி சொன்னது சரியா என்பதற்குச் சான்று கனவு கண்டவரின் வாய்மொழியே.

படம் கிடைப்பினும் பொருள் கிடைக்குமோ? கும்பகோணம் கல்லூரியில் ஆசிரியராயிருந்த உ.வே.சாமிநாதையர், அவ்வூர் ஜைனர்களிடம் ஐயம் தெளிந்து 1887-இல் பதிப்பித்த சீவகசிந்தாமணியை எண்ணுங்கள். அசோகமரம் முறிந்து வீழ்வதையும், அதன் அருகே முடியுடன் ஒரு முளை எழுவதையும், அதனைச் சூழ எட்டு மாலைகளையும் விசயை கண்டாள். முளை மகன், மாலைகள் அவன் மணக்கும் மகளிர் என்றுரைத்த சச்சந்தன், முறிந்த மரத்தைப் பற்றி அவள் கேட்டபோதே தனக்கு வரும் தீங்கைக் கூறினான். பின்னர் அவளைக் காக்க மயிற்பொறி சமைப்பித்தான். கனவை மனைவி மறவாது சொன்னதும், கணவன் உளமறிந்து கேட்டதும் அன்றோ அப்பொறிக்கு மூலம்!

வேறோர் அச்சமும் நமக்குண்டு. பிறர் மனத்தை அறியும் மனப்பரியய ஞானம், சாரித்திரம் நிறைந்த முனிவர்க்கன்றி வாய்ப்பதில்லை. பொறிக்கு அத்தகைய அடக்கம் ஏது? கனவின் பதிவு ஒருநாள் கைகூடுமானால், அது யாருடைய பெட்டியில் இருக்கும் என்பதைத் தூங்குபவர் முன்னரே கேட்டறிதல் வேண்டும்.

அம்மையார்க்கு யாம் கூறியது எளியது: விழித்தவுடன் எழாமலும் புரளாமலும், கண்டதைக் கடைசியிலிருந்து பின்னோக்கி நினைந்து, மருமகளிடம் அப்பொழுதே சொல்லிவிடுங்கள், அவர் எழுதட்டும். சென்ற மாதம் அவரை மீண்டும் கண்டோம். நாற்பது பக்க நோட்டில் பதினொரு கனவுகள் இருந்தன. கணவர் வந்தது இரண்டில். இரண்டிலும் கொல்லைக் கதவைத் தாழிட்டாயா என்று கேட்டாராம்.