கோச்சி ஓடாத ஊர்ப் பிள்ளைகளுக்கு

அம்பிட்டியவில் தண்டவாளம் இல்லை. இங்குள்ள பிள்ளைகளுக்குக் கோச்சி என்றால் விடுமுறை, ஜன்னலோரச் சீட்டு, வடை. கட்டுகஸ்தோட்டையில் பாதையோரம் வளரும் பிள்ளைக்கு அதன் சத்தமாவது பழக்கம். நம் பிள்ளைக்குச் சொல்லித்தான் கொடுக்க வேண்டும்.

செய்ய வேண்டியவை

• முதல் பாடத்தைக் கண்டி புகையிரத நிலையத்தில் நடத்துங்கள், அதுவும் பயணம் இல்லாத ஒரு நாளில். பயண நாளில் பையைப் பார்ப்பதா, பிள்ளையைப் பார்ப்பதா? இரண்டு தண்டவாளங்களுக்கும் இடைவெளி 1676 மில்லிமீற்றர்தான். பெட்டியோ இருபுறமும் அரை மீற்றருக்கு மேல் வெளியே நீண்டிருக்கும். இதை நேரில் கண்ட பிள்ளை, "பக்கத்தில்தானே நின்றேன்" என்று பிறகு வாதாடாது.

• சாரதி கண்டுவிட்டால் நிறுத்திவிடுவார் என்ற எண்ணத்தை மாற்றுங்கள். அவசர பிரேக் போட்ட பிறகும் கோச்சி நூற்றுக்கணக்கான மீற்றர் ஓடும். பஸ்போல ஒதுங்கவும் அதற்கு வழியில்லை.

• வெள்ளவத்தையில் சித்தி வீடு, மாமா வீடு உள்ளவர்கள் இதைத் தனியாகச் சொல்லிக் கொடுங்கள். அங்கே கடற்கரைக்குப் போகத் தண்டவாளத்தைத் தாண்ட வேண்டும், பாதை இரட்டை. ஒரு கோச்சி கடந்ததும் பிள்ளைகள் ஓடுவார்கள். அதன் இரைச்சலில், எதிர்ப்பக்கம் வரும் மற்றதன் சத்தம் கேட்காது. கடைசிப் பெட்டி தூரம் போய், இருபுறமும் பாதை வெறுமையாகத் தெரியும்வரை நிற்கப் பழக்குங்கள்.

• பந்தோ செருப்போ பாதையில் விழுந்தால் பெரியவரிடம் சொல்லச் சொல்லுங்கள். செருப்புக்காக ஏச மாட்டோம் என்று முன்கூட்டியே வாக்குக் கொடுங்கள். ஏச்சுக்குப் பயந்துதான் பிள்ளை கீழே இறங்கும்.

செய்யக்கூடாதவை

• தண்டவாளத்தைக் குறுக்குவழியாக்க வேண்டாம். 1880 முதல் இருக்கும் கண்டி–மாத்தளைப் பாதையில் கோச்சி குறைவு. அதனாலேயே "இந்த நேரத்தில் வராது" என்ற தைரியம் வந்துவிடுகிறது. தாமதமாக வரும் கோச்சி நேரசூசி பார்த்து வருவதில்லை. கட்டுகஸ்தோட்டைப் பாலத்திலும் மஹியாவ சுரங்கத்திலும் நடுவில் மாட்டிக்கொண்டால் ஓடித் தப்ப நேரம் இராது.

• மூடிய கேட்டைச் சுற்றிப் போகவே கூடாது. 2005 ஏப்ரல் 27 அன்று பொல்கஹவெலவுக்கு அருகே யாங்கல்மோதரையில், மூடிய கடவையைச் சுற்றிப் போன பஸ்ஸில் கோச்சி மோதி முப்பதுக்கும் அதிகமானோர் இறந்தார்கள். மோட்டார் சைக்கிளில் பிள்ளையைப் பின்னால் வைத்துக்கொண்டு கேட்டுக்கு அடியால் குனிந்து போகும் அப்பாமார் இதை ஒரு தடவை நினைக்கட்டும். அந்தப் பிள்ளைக்கு அதற்குமேல் எந்த அறிவுரையும் ஏறாது.

• வாசலில் தொங்கிப் படம் எடுக்க வேண்டாம். எல்லப் பயணத்தின் அழகே அதுதான் என்று சுற்றுலாப் படங்கள் பிள்ளைகளை நம்பவைத்துவிட்டன. மலைநாட்டுப் பாதையில் பாறைச் சுவரும் சுரங்கமும் பெட்டிக்கு வெகு அருகே வரும். வளைவில் பெட்டி சரியும். ஜன்னலுக்கு வெளியே கை நீட்டுவதும் இதில் சேர்த்தி.

• பாதைக்கு அருகே இயர்போன் வேண்டாம். தண்டவாளத்தில் காசு வைப்பதும் கோச்சிக்குக் கல் எறிவதும் வேண்டாம்.

• "கோச்சி பிடிச்சிட்டுப் போயிடும்" என்று சின்னஞ்சிறுசுகளை மிரட்ட வேண்டாம். இரண்டு பயணம் போனதும் அது பொய் என்று தெரிந்துவிடும். பிறகு நீங்கள் சொல்லும் நிஜத்தையும் நம்பாது.

• கோச்சி புறப்படப் போகிறதென்று பிள்ளையை இழுத்துக்கொண்டு பாதையில் இறங்கி மறுமேடைக்கு ஏற வேண்டாம். தவறினால் அடுத்ததில் போகலாம், இல்லையென்றால் பஸ் இருக்கிறது.