தாடையிலிருந்து காதுக்கு

அன்புள்ள மதி,

உன் கடிதம் கிடைத்தது. பிளஸ் ஒன்னில் உயிரியல் எடுத்த கையோடு நல்ல கேள்வியாகக் கேட்டிருக்கிறாய். “பால் கல்லாகாது, முடியும் பெரும்பாலும் மக்கிப்போய்விடும். அப்படியிருக்க, இருபது கோடி வருஷத்துக்கு முந்தைய எலும்பைப் பார்த்து இது பாலூட்டி என்று எப்படிச் சொல்கிறார்கள் பெரியப்பா?” இந்தச் சந்தேகம் வராமல் அந்தப் பாடத்தைக் கடந்துபோகிறவர்கள்தான் அதிகம். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

பதில் உன் முகத்திலேயே இருக்கிறது. காதுத் துளைக்குச் சற்று முன்னால் விரலை வைத்து, வாயை நன்றாகத் திறந்து மூடிப் பார். விரலடியில் ஓர் எலும்பு முனை நகர்வது தெரியும். அது கீழ்த்தாடையின் முனை, மண்டையோட்டோடு சேரும் மூட்டு. அடுத்த முறை வீட்டில் ஆட்டுத்தலை வாங்கினால், வெந்தபின் கீழ்த்தாடையை எடுத்துக் கழுவி வைத்துக்கொள். ஒரு பக்கத்துக்கு ஒரே எலும்புதான் இருக்கும். பல்லும் அதில்தான், மூட்டும் அதில்தான். பிறகு ஒரு பெரிய மீன் தலையை வேகவைத்து அதே கீழ்த்தாடையைப் பிரித்துப் பார். பல் உள்ள எலும்பு தனியாகவும் மூட்டாக அமைந்த எலும்பு தனியாகவும் கழன்று வரும். பல்லி, ஓணான், முதலை எல்லாவற்றுக்கும் தாடை இப்படிப் பல எலும்புகளால் ஆனதுதான். அவற்றில் கீழ்த்தாடையின் கடைசி எலும்பும் மண்டையோட்டிலுள்ள ஓர் எலும்பும் சேர்ந்து மூட்டாகின்றன. பாலூட்டியின் தாடையில் அந்த இரண்டு எலும்புகளையும் காணோம்.

அவை எங்கே போயின என்பதைக் கண்டுபிடித்தவர் கையில் புதைபடிவம் எதுவும் இல்லை. ஜெர்மானிய உடற்கூறு அறிஞர் கார்ல் ரைஹெர்ட், பன்றியின் கருக்களை வளர்ச்சியின் ஒவ்வொரு கட்டத்திலும் அறுத்துப் பார்த்தார். கருவின் தாடையில் முதலில் ஒரு குருத்தெலும்புக் கம்பி உருவாகிறது. ஊர்வனவற்றில் அந்தக் கம்பியின் பின்முனை தாடை மூட்டின் எலும்பாகிறது. பன்றியிலோ அதே முனை நடுச்செவியின் சுத்தி எலும்பாகிறது. மூட்டின் மறுபாதியாக இருக்கவேண்டியது பட்டடை எலும்பாகிறது. 1837இல் இதை அவர் வெளியிட்டார். டார்வினின் நூல் வர அப்போது இன்னும் 22 ஆண்டுகள் இருந்தன. உயிர்கள் மாறிவந்தன என்ற கொள்கையின் துணையில்லாமலே, ஓணானின் தாடை மூட்டும் நம் காதுக்குள் இருக்கும் எலும்புகளும் ஒன்றே என்று கண்ணால் பார்த்ததை மட்டும் வைத்துச் சொன்ன மனிதர். எனக்கு அவர் மேல் பெரிய மரியாதை உண்டு.

ஆனால் ஒரு சிக்கல் இருக்கிறது, நீயும் யோசித்திருப்பாய். மூட்டு எலும்புகள் காதுக்குப் போகிற வழியில், இடைக்கட்டத்து விலங்கு எதைக்கொண்டு மென்றது? தாடைக்கு மூட்டே இல்லாமல் ஒரு விலங்கு எப்படி உயிர் வாழும்?

இதற்கான விடை வேல்ஸ் நாட்டுச் சுண்ணாம்புக்கல் குவாரிகளில் இருந்தது. அங்கே பழைய பாறையின் பிளவுகளில் மழைநீர் அடித்துக்கொண்டுவந்த சேறு நிரம்பி, அதோடு சேர்ந்து சின்ன விலங்குகளின் எலும்புகளும் புதைந்து கிடந்தன. வால்டர் கியூனே என்ற ஜெர்மானியர், கம்யூனிஸ்ட் என்பதால் நாஜி ஆட்சியில் இடமில்லாமல் 1938இல் பிரிட்டனுக்கு வந்தவர், பிளவுச் சேற்றைத் தேடித் தேடிக் கழுவிச் சலித்தார். போர்க்காலத்தில் பிரிட்டனும் அவரை எதிரி நாட்டுக்காரர் என்று மேன் தீவில் அடைத்துவைத்தது. வெளியே வந்ததும் அவர் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். 1949இல் கிளமார்கன் பகுதியில் கிடைத்த ஒரே ஒரு பல்லைக்கொண்டு மார்கனுகோடான் என்ற விலங்குக்குப் பெயர் வைத்தார். பின்னால் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் கென்னத் கெர்மாக், ஃபிரான்சிஸ் மசெட் உள்ளிட்டோர் குவாரிச் சேற்றைக் கரைத்து, வண்டலை நுண்ணோக்கியில் வைத்து எலும்புத் துணுக்குகளைப் பொறுக்கிப் பொருத்தினார்கள். 1973இல் மார்கனுகோடானின் கீழ்த்தாடையை முழுவதுமாக விளக்கினார்கள்.

அந்தத் தாடை விரல் கணுவளவே இருக்கும். அதன் உட்புறத்தைத் திருப்பிப் பார்த்தால் பின்பாதியில் ஒரு நீளப் பள்ளம் தெரியும். அந்தப் பள்ளத்தில் மெல்லிய எலும்புகள் ஒட்டியிருந்தன. அவற்றின் கடைசியில் ஓணானுக்கு இருப்பது போன்ற பழைய மூட்டு. அதன் பக்கத்திலேயே, பல் எலும்பிலிருந்து எழும்பிய குமிழில் நமக்கு இருக்கிற புதிய மூட்டு. ஒரே தாடையில் இரண்டும் அருகருகே வேலை செய்தன. புதியது பாரத்தைத் தாங்கத் தாங்கப் பழையது மெலிந்து, ஒலியைக் கடத்தும் வேலைக்கு விடுபட்டது. நீ கேட்ட கேள்விக்கு முதல் பதில் இதுதான். பல் எலும்பே மண்டையோட்டோடு மூட்டாகிறதா என்பதைப் பார்த்துத்தான் பாலூட்டிகளின் கூட்டத்தை அடையாளம் காண்கிறார்கள்.

அந்தக் குருத்தெலும்புக் கம்பியையும் கல்லில் பார்க்க முடிந்தது. சீனாவின் ஹெபெய் மாகாணத்தில் கிடைத்த யானோகோனோடான் என்ற பழைய பாலூட்டியைப் பற்றி ட்சேசி லுவோவும் மற்றவர்களும் 2007இல் எழுதினார்கள். அதன் காது எலும்புகள் ஏறக்குறைய நம்முடையவை போலவே இருக்கின்றன. ஆனால் கருவில் மறைந்துபோகவேண்டிய கம்பி, வளர்ந்த விலங்கிலும் எலும்பாகி, காதைத் தாடையோடு பிணைத்திருக்கிறது. ரைஹெர்ட் பன்றிக் கருவில் பார்த்ததை அவர்கள் பாறையில் பார்த்தார்கள். இன்றைக்கும் அப்போஸம் என்ற பைப்பாலூட்டியின் குட்டி பிறக்கும்போது புதிய மூட்டு உருவாகியிருப்பதில்லை. தாயின் காம்பைப் பற்றும் முதல் நாட்களில் அதற்குத் தாடை மூட்டாக இருப்பவை பின்னால் சுத்தியும் பட்டடையும் ஆகப்போகிறவைதாம்.

லுவோவைப் பற்றி இன்னொன்றும் சொல்லவேண்டும். சீனாவின் யுன்னானில் கிடைத்த ஹாட்ரோகோடியம் என்ற பழைய விலங்கின் மண்டையோடு வெறும் 12 மில்லிமீட்டர். அதன் தாடையில் பள்ளம் இல்லை, ஆகவே காது முழுதாகப் பிரிந்துவிட்டது என்று 2001இல் அவரும் உடன் ஆய்வாளர்களும் எழுதினார்கள், உலகமே அதை மேற்கோள் காட்டியது. பிறகு அதே மண்டையோட்டை சிடி ஸ்கேனில் பார்த்தபோது சிறியதாக ஒரு பள்ளம் இருந்தது. 2022இல் அவர்களே அதை வெளியிட்டுத் தங்கள் பழைய முடிவைத் திருத்தினார்கள். அந்தக் கட்டுரையை ஒருநாள் நீ தேடிப் படிக்கவேண்டும்.

இப்போது பாலுக்கு வருகிறேன். பல்லிக்கும் முதலைக்கும் பல் விழுந்து முளைப்பது திரும்பத் திரும்ப நடக்கும். நமக்குப் பால் பல் விழுந்து ஒரே ஒரு முறைதான் மறுபடி முளைக்கிறது. குட்டி பாலிலேயே வளர்ந்தால் பல் தாமதமாக வரலாம். அதற்குள் தாடை ஓரளவு வளர்ந்துவிடுவதால் இரண்டு வரிசைப் பல்லே போதும். மார்கனுகோடானுக்கும் பல் மாற்றம் ஒரு முறைதான். பாலைப் பார்க்காமலேயே பால் இருந்திருக்கும் என்று ஊகிப்பது இப்படித்தான். ஆனால் அதை வைத்து அது எல்லாவற்றிலும் எலி மாதிரி என்று நினைத்துவிடாதே. 2020இல் எலிஸ் நியூஹாமும் மற்றவர்களும் அதன் பல் வேரில் ஆண்டுதோறும் படியும் வளையங்களை சிங்க்ரோட்ரான் எக்ஸ்ரேயில் எண்ணினார்கள். சிலது 14 வருஷம் வரை வாழ்ந்திருக்கிறது. அத்தனை சின்ன உடம்புக்கு இது மிக நீண்ட ஆயுள். உடலின் வேகம் ஊர்வனவற்றைப் போல மந்தமாக இருந்தால்தான் அது சாத்தியம். தாடை மூட்டு வந்தபோதே வெப்ப இரத்தமும் கூடவே வந்துவிடவில்லை.

நம் நாட்டிலும் இந்த வேலை நடந்திருக்கிறது. பிரிஸ்டல் பக்கத்துப் பாறைப் பிளவுகளில் ஆராய்ந்த பமேலா ராபின்சன், புள்ளியியல் அறிஞர் மஹலனோபிஸின் அழைப்பில் கொல்கத்தா இந்தியப் புள்ளியியல் நிறுவனத்துக்கு வந்து புவியியல் பிரிவைத் தொடங்கிவைத்தார். பிராணஹிதா–கோதாவரிப் படுகையின் கோட்டா பாறையடுக்கிலிருந்து கோட்டாதீரியம் என்ற ஜுராசிக் பாலூட்டியை இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் தத்தா 1981இல் விவரித்தார். ஹைதராபாத் பக்கம் நஸ்கலில், தக்காண எரிமலைக் குழம்புகளுக்கு இடைப்பட்ட படிவுகளில், பிரசாத்தும் அசோக் சாஹ்னியும் டெக்கனோலெஸ்டஸ் என்ற பாலூட்டியைக் கண்டு 1988இல் எழுதினார்கள். பெரும்பாலும் தனித்தனிப் பற்கள்தான் கிடைத்தன. மூட்டைக் கணக்கில் மண்ணைக் கழுவினால் கடுகளவு பல் ஒன்று மிஞ்சும்.

கல்லூரியில் விலங்கியல் எடுப்பதா புவியியல் எடுப்பதா என்று கேட்டிருந்தாய். விலங்கியல் எடு என்பதே என் கருத்து. பாறையின் வயதைப் பிறகு கற்றுக்கொள்ளலாம். உயிருள்ள உடம்பைத் தெரியாதவர் கையில் அந்தத் தாடை கிடைத்தால் பள்ளம் வெறும் பள்ளமாகத்தான் தெரியும். இப்போதைக்கு ஆட்டுத் தாடை, மீன் தாடை, முடிந்தால் இறந்துகிடக்கும் ஓணானின் தாடை மூன்றையும் சுத்தம் செய்து, உட்புறத்தைப் பென்சிலால் வரைந்து அனுப்பு. எந்த எலும்பு எதோடு மூட்டாகிறது என்று அம்புக்குறி போட்டுக் காட்டு. திருத்தி அனுப்புகிறேன்.

அன்புடன்,
பெரியப்பா